கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் மலைக்காரர்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள்? எங்கே கிடைக்கும்?

முத்துநகர் செல்வி · ஏப்ரல் 11, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குத் தூத்துக்குடி. மே இரண்டாவது வாரம் அம்மாவையும் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு கோத்தகிரிக்கு வருகிறோம். மூன்று இரவு தங்கல். இ-பாஸ் எடுத்தாயிற்று, தங்கும் இடமும் முடிவாகிவிட்டது. எந்தக் காட்சிமுனையைப் பார்ப்பது என்று கேட்க வரவில்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் ஊட்டிக்கு வந்தபோது மூன்று நாளும் புரோட்டாவும் ஃப்ரைடு ரைஸுமாகவே போய்விட்டது. ஒரு கடையில் 'மலைச் சாப்பாடு' என்று பலகை வைத்திருந்தார்கள். ஆசையாக உள்ளே போனால் எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் கிடைக்கும் அதே சாம்பார், அதே பொரியல், விலை மட்டும் இரண்டு மடங்கு. எங்கள் ஊருக்கு வருகிற ஒருவர் மக்ரூன் பாக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு வாய் சாளை மீன் குழம்புகூடச் சாப்பிடாமல் ரயில் ஏறினால் எனக்கு மனது கேட்காது. உங்கள் ஊரிலிருந்து நான் அப்படித்தான் திரும்பிப் போயிருக்கிறேன் என்று தோன்றுகிறது.

இந்த முறை அப்படி நடக்கக் கூடாது. மலையில் இருக்கிறவர்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள், அது வெளியாளுக்கு எங்கே கிடைக்கும், சொல்லுங்கள். அம்மாவுக்கு 71 வயது. காரம் ஆகாது, பல்லும் குறைவு. அவருக்கும் ஏற்றதாக ஏதாவது இருந்தால் நல்லது.

குன்னூர் வாசி · ஏப்ரல் 11, இரவு 10.25

வர்க்கி (டீயோடு தின்னும் மொறுமொறு பேக்கரிப் பண்டம்), டீத்தூள், வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட். இந்த மூன்றையும் வாங்காமல் யாரும் இறங்குவதில்லை. காலையில் பிடுங்கிய கேரட் கிடைத்தால் அப்படியே கழுவிக் கடித்துப் பாருங்கள், கீழே கிடைக்கும் கேரட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

பொரங்காட்டு மகள் · ஏப்ரல் 12, காலை 6.50

செல்வி அக்கா, வாருங்கள். நான் கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டியைச் சேர்ந்த படுகர் வீட்டுப் பெண். எங்கள் ஊர்களை ஹட்டி என்றுதான் சொல்வோம். நீங்கள் கேட்ட விதம் பிடித்திருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதல் சாப்பாடு எரகி ஹிட்டு. எரகி என்றால் ராகி. கீழே நீங்கள் களி என்று சொல்வதற்கு நெருக்கமானது. என் ஹெத்தெ, அதாவது பாட்டி, செய்வதைப் பார்த்தே வளர்ந்தேன். பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவை நடுவில் ஒரு குவியலாகக் கொட்டுவார். உடனே கிளற மாட்டார். குவியலைச் சுற்றித் தண்ணீர் ஏறி, நடுவில் ஆவி வழி பிடித்துப் 'புஸ்' என்று வெளியே வரும்வரை காத்திருப்பார். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் கோலை எடுப்பார். பாத்திரத்தை இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கட்டி ஒன்றுகூட இல்லாமல் கிண்டி முடிக்கும்போது நெற்றியில் வியர்வை நிற்கும், வெளியே எவ்வளவு பனி பெய்தாலும். கையை நனைத்து உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. அந்தக் குழியில் நெய்யோ குழம்போ. கிள்ளி, தோய்த்து, விழுங்க வேண்டும். மெல்லக் கூடாது. உங்கள் அம்மாவுக்குப் பல்லே தேவைப்படாத சாப்பாடு இது.

ஹிட்டுக்குத் துணை உதக்க. அவரெ உதக்க என்றால் அவரைக் கொட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கெட்டிக் குழம்பு. அதன் உயிர் மாசு ஹுடி என்ற பொடியில் இருக்கிறது. மல்லி, மிளகாய் வற்றல், சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து அரைப்பது. அளவு வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டுப் பொடி கருஞ்சிவப்பாக இருக்கும், என் மாமியார் வீட்டுப் பொடி இன்னும் கறுப்பு, ஏனென்றால் அவர்கள் மல்லியைத் தீயும் தறுவாய்வரை வறுப்பார்கள். எந்த வீட்டுக் குழம்பு என்று வாசனையை வைத்தே ஹட்டியில் சொல்லிவிடுவோம். காரம் குறைவாக வேண்டும் என்றால் பொடியைக் குறைத்துவிட்டு நெய்யைக் கூட்டிக்கொள்ளலாம்.

சாமைச் சோறு, சாமைப் பாயசம் இரண்டும் உண்டு, ஆனால் இப்போது விசேஷ நாளில்தான். கீரை தினமும் உண்டு. தோட்டத்து ஓரத்தில் தானாக முளைப்பதைப் பறித்து வந்து செய்கிற கீரைக்குக் கடையில் விலையே கிடையாது.

முத்துநகர் செல்வி · ஏப்ரல் 12, காலை 9.15

படிக்கும்போதே பசிக்கிறது அம்மா. அந்த 'புஸ்' சத்தத்தை என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன், 'கேப்பைக் களிக்கு எங்கள் வீட்டிலும் அப்படித்தான்' என்றார். ஆனால் இதெல்லாம் வீட்டுச் சாப்பாடாக இருக்கிறதே. கூப்பிடாத வீட்டில் போய் உட்கார முடியுமா? வெளியில் எங்கேயாவது கிடைக்குமா?

பொரங்காட்டு மகள் · ஏப்ரல் 12, பகல் 1.30

ஹோட்டலில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கோத்தகிரியைச் சுற்றிப் படுகர் குடும்பங்களே நடத்தும் தங்கும் வீடுகள் இருக்கின்றன. நீங்கள் தங்கும் இடத்துக்காரரிடம் இன்றே பேசுங்கள். 'ஹிட்டும் உதக்கவும் ஒரு வேளை செய்து தர முடியுமா, இல்லையென்றால் செய்பவரைச் சொல்ல முடியுமா' என்று நேராகக் கேளுங்கள். அவரையை முந்தின இரவே ஊறவைக்க வேண்டும், அதனால் போன அன்றைக்கே கேட்டால் நடக்காது.

நீங்கள் மார்கழி, தை ஒட்டி வந்திருந்தால் ஹெத்தெ ஹப்பாவைச் சொல்லியிருப்பேன். கோத்தகிரிக்குப் பக்கத்தில் பேரகணியில் நடக்கும் பெரிய விழா. வெள்ளை உடுத்தி ஊர் ஊராக நடந்து வருவார்கள், வந்தவர் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. மே மாதத்தில் அது இல்லை. ஆனால் மே மாதத்தில் வேறொன்று இருக்கிறது: தவிட்டுப் பழம். கருநீலமாக, கொட்டைப்பாக்கு அளவில், தலையில் ஒரு சிறு கிரீடத்தோடு இருக்கும். சோலை ஓரத்தில் பறித்துச் சாலையோரம் அளந்து விற்பார்கள். சாப்பிட்டால் நாக்கெல்லாம் ஊதா. உங்கள் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இருக்காது.

விறகடுப்பு · ஏப்ரல் 12, மாலை 6.05

வர்க்கி என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் அந்த வேலையில் 22 வருடமாக இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

வர்க்கிக்கு ஈஸ்ட் பாக்கெட் கிடையாது. மாவா என்று ஒன்று வைத்திருப்போம். மைதா, ரவை, சர்க்கரை, வாழைப்பழம் சேர்த்துப் புளிக்க விட்டது. அது சரியாகப் புளித்ததா என்பதை மூக்குதான் சொல்லும். அதை மைதாவோடு சேர்த்துப் பிசைந்து, மணிக்கணக்கில் ஊறவிட்டு, மேசை முழுக்க மெல்லியதாக விரித்து, நெய்யோ வனஸ்பதியோ தடவி மடிக்க வேண்டும். மறுபடி விரிப்பு, மறுபடி மடிப்பு. பிறகு கையால் கிள்ளிப் போட்டு விறகு அடுப்பில் வேகவிடுவோம். இரண்டு வர்க்கி ஒரே உருவத்தில் இருக்கவே இருக்காது. அச்சில் வார்த்ததுபோல எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் அதை வாங்காதீர்கள்.

2023-ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகும் கீழே எங்கேயோ செய்ததை மூட்டையாக ஏற்றி வந்து 'ஊட்டி வர்க்கி' என்று கட்டி விற்பது நிற்கவில்லை. எனக்கு அது வயிற்றெரிச்சல். இந்தக் குளிரில் மாவா மெதுவாகப் புளிக்கிறது, அந்த நிதானத்தில்தான் ருசி ஏறுகிறது. வெயில் ஊரில் நான் ஒருமுறை இதே கையால், இதே மாவு வைத்துச் செய்து பார்த்தேன். புளிப்பு முந்திக்கொண்டது, அடுக்கு விரியவில்லை.

வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். சத்தம் கேட்க வேண்டும், உள்ளே அடுக்கு தெரிய வேண்டும், கையில் கனம் இருக்கக் கூடாது. சூடான டீயில் மூன்று எண்ணும்வரை நனைத்தால் போதும், நான்கு எண்ணினால் டம்ளருக்குள் விழுந்துவிடும்.

நாக்குபெட்டா · ஏப்ரல் 12, இரவு 8.45

விறகடுப்பு அண்ணா, உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் கேட்டவர் பாரம்பரிய உணவைக் கேட்டார். வர்க்கி வெள்ளைக்காரர் இங்கே குடியேறிய பிறகு பேக்கரி வழியாக வந்தது. மைதா இந்த மண்ணில் விளைவதில்லை. வர்க்கியும் சாக்லேட்டும்தான் நீலகிரி என்று ஊர் முழுக்கப் பலகை வைத்து வைத்து, எங்கள் ஹிட்டையும் சாமையையும் எங்கள் பிள்ளைகளே மறந்துவிட்டார்கள். என் மகளின் பள்ளியில் 'உங்கள் ஊர் உணவு' என்று படம் வரையச் சொன்னார்கள். அவள் வரைந்தது வர்க்கி. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விறகடுப்பு · ஏப்ரல் 12, இரவு 9.20

தம்பி, உங்கள் மகள் வரைந்ததில் தவறில்லை. அவள் தினமும் மாலையில் சாப்பிடுவதை வரைந்திருக்கிறாள். என் அப்பாவும் இதே அடுப்பின் முன்தான் நின்றார். கூலிக்கு இலை பறித்துவிட்டு வருகிறவர்கள் ஐந்து மணிக்கு டீயோடு தின்பது இதைத்தான். எத்தனை தலைமுறை தின்றால் ஒரு பண்டம் ஊரின் பண்டமாகும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

குந்தா பெரியவர் · ஏப்ரல் 13, காலை 7.30

இருவரும் சொல்வது சரிதான். எனக்கு 74 வயது, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நாக்குபெட்டா தம்பி, உங்கள் வீட்டு உதக்கவில் உருளைக்கிழங்கு இருக்கிறதல்லவா? அதுவும் வந்ததுதான். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் மலையேறி வந்து கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். அதன் பிறகு வந்த வெள்ளைக்காரக் காய்கறிகளில் ஒன்று அது. இன்றைக்கு உருளைக்கிழங்கு இல்லாத உதக்கவை உங்கள் ஹெத்தெகூட ஒப்புக்கொள்ள மாட்டார். வந்த பொருளை நாம் எப்படிச் சமைத்தோம் என்பதுதான் பேச்சு.

ஆனால் தம்பியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஹட்டிக்குக் கீழே சரிவு முழுக்கச் சாமையும் ராகியும். மேலே பார்லியும் கோதுமையும். பன்றி வராமல் இருக்க இரவில் பரண் மேல் படுத்துக் காவல் காப்போம், அப்போது பச்சைக் கதிரைத் தீயில் வாட்டித் தேய்த்து ஊதித் தின்போம். பிறகு ஒவ்வொரு சரிவாகத் தேயிலை ஏறியது. தேயிலை கையில் காசு கொடுத்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காசு வந்ததும் ரேஷன் அரிசி வந்தது, சாமை போய்விட்டது. இன்றைக்கு விழாவுக்குச் சாமை வேண்டுமென்றால் கீழிருந்து வாங்கி வருகிறோம்.

அதற்கும் முன்னால், என் தாத்தா காலத்தில், ஒரு தட்டுச் சோற்றுக்குப் பின்னால் இந்த மலை முழுவதும் இருந்தது. படுகர், கோத்தர், தோடர், குறும்பர் எல்லோரும் இந்த மலை மக்கள். தானியம் படுகருடையது. பானையைக் கோத்தர் பெண்கள் வனைந்தார்கள், அரிவாளையும் மண்வெட்டியையும் கோத்தர் ஆண்கள் அடித்தார்கள். நெய்யும் மோரும் தோடர்களின் எருமையிலிருந்து வந்தன. தேன் குறும்பர் கொண்டுவந்தது. காசு கைமாறாது, பொருளுக்குப் பொருள். தோடர்கள் வழிவழியாகச் சைவம், பால்தான் அவர்களுக்குச் சாப்பாடும் சாமியும். அவர்கள் குடியிருப்பான மந்து பக்கம் போனால் அவர்களுடைய பால் கோயிலை நெருங்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அந்த எருமைப் பால் கடைக்கு வருகிற பொருளும் அல்ல.

இன்னொன்று. மலையில் தண்ணீர் நூறு டிகிரிக்குக் கொதிக்காது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோத்தகிரியில் அதைவிடச் சற்றுக் கூடுதல். அதனால்தான் அவரைக் கொட்டை இங்கே வேக அவ்வளவு நேரம் பிடிக்கும். எங்கள் அம்மா விடியற்காலையில் பானையை ஏற்றினால் இலை பறித்துவிட்டுப் பத்து மணிக்கு வருவோம், அப்போதுதான் மசியும் பதம். குக்கர் வந்த பிறகு அந்த மணம் குறைந்துவிட்டது.

நாக்குபெட்டா · ஏப்ரல் 13, காலை 8.10

ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். விறகடுப்பு அண்ணா, கோபமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். என் மகளுக்கு அடுத்த படம் ஹிட்டுத் தட்டு, பக்கத்தில் ஒரு வர்க்கி.

லைன் வீட்டுக்காரன் · ஏப்ரல் 13, இரவு 9.50

எங்களையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்களும் மலைக்காரர்கள்தான்.

என் தாத்தா பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா அனுப்பப்பட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுக் கோத்தகிரிக்கு வந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இங்கே வந்தன. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் எங்களைப் போல ஆயிரக்கணக்கான குடும்பங்கள்.

எங்கள் காலைச் சாப்பாடு ரொட்டியும் சம்பலும். மாவில் துருவிய தேங்காயும் உப்பும் போட்டுப் பிசைந்து, விரல் கனத்துக்குத் தட்டிக் கல்லில் போடுவது. சம்பலுக்கு வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய், எலுமிச்சை, கூடவே மாசி. அதை அம்மியில்தான் இடிக்க வேண்டும், மிக்ஸியில் போட்டால் சாந்தாகிவிடும். அரைகுறையாக நசுங்கிய வெங்காயம் வாயில் அகப்பட வேண்டும். காலை ஏழு மணிக்கு இரண்டு ரொட்டி தின்றுவிட்டு மலையேறினால் மதியம்வரை பசிக்காது. அதற்காகவே கண்டுபிடித்த சாப்பாடு. பால் இல்லாத டீ, அதில் ஒரு துண்டு இஞ்சி. நாங்கள் அதைப் பிளேன்டீ என்போம்.

தோட்டக் குடியிருப்புப் பக்கத்துச் சிறு டீக்கடைகளில் காலையில் கேட்டுப் பாருங்கள். சில கடைகளில் ரொட்டி போடுவார்கள், எட்டரைக்குள் தீர்ந்துவிடும்.

முத்துநகர் செல்வி · ஏப்ரல் 13, இரவு 10.20

தம்பி, மாசி என்றா சொன்னீர்கள்? சூரை மீனை அவித்துக் காயவைத்த மாசிக் கருவாடுதானே? அது எங்கள் கடற்கரைச் சரக்கு! முதலில் 'மாசு ஹுடி'யைப் படித்தபோதே அதில் மாசிக் கருவாடு இருக்குமோ என்று நினைத்தேன். இல்லை என்று இப்போது புரிகிறது. உங்களுக்கு மாசி எங்கிருந்து வருகிறது?

லைன் வீட்டுக்காரன் · ஏப்ரல் 13, இரவு 10.35

சந்தையில் கருவாட்டுக்காரர் எப்போதாவது கொண்டுவருவார் அக்கா. நல்ல மாசி கல் மாதிரி இருக்க வேண்டும் என்று பாட்டி சொல்வார். வருவது பெரும்பாலும் நொறுங்கிப்போன துகள்தான். அது இல்லாதபோது நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் போடுவோம்.

முத்துநகர் செல்வி · ஏப்ரல் 13, இரவு 10.40

நான் வரும்போது கொண்டுவருகிறேன். கல் மாதிரியே.

பூம்பாறை · ஏப்ரல் 14, காலை 11.00

பழனி மலைக்காரன் ஒருவன் உள்ளே வரலாமா? எங்கள் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல் சிறியது, தோல் உரிப்பது சிரமம், ஆனால் இரண்டு பல் தட்டிப் போட்டால் வீடே மணக்கும், கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. கீழ்மலையில் விருப்பாட்சி வாழை, அதற்கு 2008-லேயே கிடைத்துவிட்டது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உகந்தது அந்தப் பழம்தான் என்பார்கள். நோய் தாக்கி வாழைத் தோட்டங்கள் குறைந்துபோனது எங்கள் பெரிய துக்கம். செல்வி அக்கா, அடுத்த வருடம் எங்கள் மலைக்கு வாருங்கள். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்து வீடுகளில், சொந்த மரத்துக் கொட்டையை இரும்புச் சட்டியில் வறுத்துப் போடும் காப்பி கிடைக்கும்.

மேட்டுப்பாளையம் ரோடு · ஏப்ரல் 15, பகல் 2.15

இரண்டு எச்சரிக்கை. கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனை வழியாக வருவீர்கள். மே மாதம் பலா பழுக்கும் காலம், யானை வரும். ஆசைப்பட்டு வண்டியை நிறுத்திப் பலாப்பழம் வாங்கி அங்கேயே வெட்டிச் சாப்பிடாதீர்கள்.

இரண்டாவது தேன். சாலையோரத்தில் வாளியில் தேனடையை வைத்துக்கொண்டு 'இப்போதுதான் எடுத்தது' என்று விற்பவரிடம் நான் ஒருமுறை ஏமாந்தேன். மேலே அடை, கீழே வெல்லப்பாகு. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, காகிதத்தில் சொட்டுவது எல்லாம் நம்பத் தகுந்த சோதனை அல்ல. உறைந்துபோனால் கலப்படம் என்பதும் தவறு, நல்ல தேனும் உறையும். குறும்பரும் இருளரும் காட்டுக் கொடியில் ஏணி திரித்துப் பாறை முகட்டில் இறங்கி எடுக்கும் மலைத்தேன் பொதுவாக நீர்த்தே இருக்கும், ஈரப்பதம் அதிகம். நாவல் பூக்கும் காலத்துத் தேனில் லேசான கசப்பு அடியில் நிற்கும். பழங்குடி மக்களிடமிருந்து நேரே வாங்கி விற்கும் கீஸ்டோன் அமைப்பு கோத்தகிரியிலேயே இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் வாங்குங்கள்.

முத்துநகர் செல்வி · மே 19, இரவு 8.30

ஊர் வந்து சேர்ந்து மூன்று நாளாயிற்று. எழுதாமல் இருக்க முடியவில்லை.

தங்கும் வீட்டுக்கார அம்மாவிடம் பொரங்காட்டு மகள் சொன்ன வார்த்தைகளையே போனில் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு 'ஹிட்டா? உங்களுக்கா?' என்று இரண்டு முறை கேட்டார். இதுவரை வந்தவர்கள் யாரும் அதைக் கேட்டதில்லையாம். எல்லோரும் நூடுல்ஸ் கேட்பார்களாம்.

இரண்டாம் நாள் மதியம் சமையற்கட்டுக்கே அழைத்துப் போய் உட்கார வைத்தார். அம்மா அடுப்புப் பக்கத்தில் சிறு பலகையில் உட்கார்ந்தார். மாவைக் குவித்தார்கள், எல்லோரும் பேசாமல் காத்திருந்தோம். 'புஸ்' வந்தது. என் சின்னவன் கை தட்டினான். தட்டில் வந்ததும் அம்மா யாரையும் கேட்கவில்லை. குழியில் நெய் விட்டு, கிள்ளி, உருட்டி, விழுங்கினார். எங்கள் வீட்டில் மூன்று இட்லியோடு கையைக் கழுவிவிடுபவர், அன்று ஓர் உருண்டையும் பாதியும் சாப்பிட்டார். 'என் அம்மா இதற்குக் கருப்பட்டி வைப்பாள்' என்றார். வீட்டுக்கார அம்மா உடனே எழுந்து போய் வெல்லம் கொண்டுவந்து வைத்தார். இருவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும். அதன் பிறகு ஒரு மணி நேரம் எங்களை விட்டுவிட்டு அவர்கள் இருவரும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தவிட்டுப் பழம் கிடைத்தது. பிள்ளைகளின் நாக்கு இரண்டு நாள் ஊதா. வர்க்கியை உடைத்து, சத்தம் கேட்டு, பிறகே வாங்கினேன். முதல் கடையில் சத்தம் வரவில்லை, வெளியே வந்துவிட்டேன். லைன் வீட்டுத் தம்பி சொன்ன டீக்கடையில் ரொட்டி சாப்பிட்டோம். எட்டு இருபதுக்குப் போனோம், கடைசி ஐந்து ரொட்டி எங்களுடையது. மாசியை அவர் கையில் கொடுத்தபோது தட்டிப் பார்த்தார், காதருகே வைத்துக்கூடப் பார்த்தார். 'பாட்டி இருந்திருக்க வேண்டும்' என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கார அம்மா அரைக் கிலோ மாசு ஹுடி கட்டிக் கொடுத்தார். நேற்று தூத்துக்குடியில் உதக்க வைத்தேன். மணம் வந்தது. ஆனால் அவரை மொத்தமாகக் குழைந்து கூழாகிவிட்டது. அங்கே சொன்னபடியேதான் ஊறவைத்தேன், ஐந்து விசில் விட்டேன். எங்கே தவறு?

லைன் வீட்டுக்காரன் · மே 19, இரவு 9.05

அக்கா, நீங்கள் தந்த மாசி இன்னும் தீரவில்லை. பாதியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பொரங்காட்டு மகள் · மே 19, இரவு 9.40

ஐந்து விசில் எங்கள் மலைக் கணக்கு அக்கா. குந்தா ஐயா சொன்னாரே, உங்கள் ஊரில் தண்ணீர் இன்னும் சூடாகக் கொதிக்கும். இரண்டு விசில் போதும். இல்லையென்றால் குக்கரே வேண்டாம், திறந்த பாத்திரத்தில் சிறு தீயில் வையுங்கள், கொட்டையை விரலால் நசுக்கினால் தோல் வழுக்கி வெளியே வர வேண்டும், அதுதான் பதம். உருளைக்கிழங்கைப் பிறகு போடுங்கள். பொடியைக் கடைசியில், இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு.

பொடி டப்பாவில் ஈரக் கரண்டி படக் கூடாது. உங்கள் ஊர்க் காற்றில் உப்பு ஈரம் இருக்கும், இறுக மூடி வையுங்கள். தீர்ந்ததும் சொல்லுங்கள், புது மல்லி வந்ததும் எங்கள் வீட்டில் வறுக்கும்போது உங்களுக்கும் சேர்த்து வறுக்கிறேன்.